காட்டுக்குப் போகும்போது என்ன நிறம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

2024-ல் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்துவிட்டது நல்ல விஷயம், ஆனால் முதல்முறையாகக் காட்டுக்குள் வருகிறவர்கள் பளீர் வெள்ளைச் சட்டையும் கறுப்பு டி-ஷர்ட்டுமாக நிற்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. கறுப்பு, கருநீலம் வேண்டவே வேண்டாம், மலைத்தேனீ கலைந்தால் அடர்நிறத்தின் மீதுதான் அதிகம் பாயும். மானுக்கு ஆரஞ்சு சரியாகப் பிடிபடாது, நீலம் நன்றாகவே தெரியும். அதனால் நீல ஜீன்ஸும் சரிப்படாது. காக்கி, வெளிர் பழுப்பு, மங்கிய பச்சை போதும், உண்ணி ஏறினாலும் வெளிர் துணியில் உடனே கண்ணில் படும். அப்புறம், யானைக்கு நிறத்தைவிட மோப்பம்தான் பெரிது, தயவுசெய்து சென்ட் அடிக்காதீர்கள். முன்பதிவுச் சீட்டிலேயே இதையெல்லாம் கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும்.

– வாசகர், பொள்ளாச்சி