காத்திருந்து கற்றுத்தந்தவர்களுக்கு: பள்ளித் தோட்டத்தின் நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும், பள்ளிப் பணியாளர்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டின் கடைசி அறுவடை முடிந்து, பாத்திகளுக்கு மூடாக்குப் போட்டு மண்ணுக்கு ஓய்வு கொடுத்திருக்கும் இந்த நேரத்தில், எங்கள் பள்ளித் தோட்டத்துக்குத் துணைநின்ற உங்கள் அனைவருக்கும் மாணவர்களின் சார்பிலும் என் சார்பிலும் நன்றி சொல்ல விரும்புகிறேன். உங்களுள் சிலர் பொருள் தந்தீர்கள், சிலர் உழைப்பைத் தந்தீர்கள், சிலர் இடமும் நேரமும் ஒதுக்கித் தந்தீர்கள். இவை எல்லாவற்றுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் இவற்றுள் எதையும்விடப் பெரியதாக நான் கருதும் உதவி ஒன்று உண்டு. ஒரு பெரியவர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய வேலையைப் பிள்ளைகள் ஒரு வாரம் செய்தபோது, கோணலாக இழுத்த வாய்க்காலையும் ஆழமாகப் புதைத்த விதையையும் பார்த்துக்கொண்டே, அவர்கள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொள்ளாமல் நின்றீர்களே, அதைத்தான் சொல்கிறேன். வேலை தெரிந்தவர்களுக்குத்தான் அப்படி நிற்பது கடினம்.

பள்ளியோடு தோட்டம் சேர்ந்திருக்க வேண்டும் என்னும் எண்ணம் புதியது அன்று. 17ஆம் நூற்றாண்டிலேயே கல்வியாளர் கொமேனியஸ் அதை வலியுறுத்தினார். ஆஸ்திரியாவின் 1869ஆம் ஆண்டுத் தொடக்கப் பள்ளிச் சட்டம் நாட்டுப்புறப் பள்ளிகளுக்குத் தோட்டம் வேண்டும் என்றே விதித்தது. இவர்களுள் எங்களுக்கு நேரடியாக வழிகாட்டியவர் மழலையர் பள்ளி முறையை உருவாக்கிய ஃப்ரோபெல். அவர் வகுத்த தோட்ட அமைப்பில் ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி இருக்கும். அவற்றைச் சூழ்ந்து எல்லாருக்கும் பொதுவான பாத்திகள் இருக்கும். தன் பாத்தியில் குழந்தை தன் விருப்பப்படி எதையும் செய்யலாம். பொதுப் பாத்தியிலோ மற்றவர்களோடு கலந்து பேசித்தான் செய்ய வேண்டும். எங்கள் தோட்டத்தின் அமைப்பும் இதைப் பின்பற்றியதே. வாடிய செடி தன்னுடையதாக இருந்தால் ஓடிவரும் பிள்ளை, பொதுச் செடி வாடினாலும் ஓடிவருகிறதா என்பதுதான் ஆண்டு முழுவதும் நான் கவனித்துவந்த கேள்வி. பொறுப்புணர்வு என்று நாம் சொல்வது அந்த இரண்டாவது ஓட்டத்தில்தான் தெரிகிறது. அது பல மாதங்கள் கழித்தே வந்தது. வந்தபோது யாரும் சொல்லிக் கொடுத்து வரவில்லை.

வெயில் நன்றாக விழும் நல்ல இடத்தை வேறு எந்தத் தேவைக்கும் கொடுக்காமல் எங்களுக்கு ஒதுக்கித் தந்த தலைமையாசிரியருக்கு நன்றி. விதை வாங்கும் முன் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற பெற்றோருக்கு அதனினும் கூடுதலான நன்றி. பழைய கட்டடங்களின் சுவரோரத்து மண்ணில், உதிர்ந்த பழைய சாயத்திலிருந்து ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. கீரையும் கிழங்கும் விளையும் இடத்தில், மண்ணில் கைவைத்து விளையாடும் வயதுப் பிள்ளைகள் இருக்கும்போது, அதைப் பார்க்காமல் தொடங்குவது சரியாகாது. ஆய்வுக்கூடத்தின் முடிவு வரும் வரை வெறுமனே இருக்க வேண்டாமென்று அவரே பிள்ளைகளுக்கு இன்னொரு சோதனையைச் செய்து காட்டினார். ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதிக்கு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் நிரப்பி, நன்றாகக் குலுக்கி, அசைக்காமல் வைத்தார்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கியது. வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படிந்தது. களிமண் மறுநாளும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருந்தது. மண் என்பது ஒரே பொருள் இல்லை என்று பாடத்தில் படித்தவர்கள் அந்த மூன்று அடுக்குகளையும் அளவுகோல் வைத்து அளந்தார்கள்.

அடுத்து, பள்ளியின் தூய்மைப் பணியாளர்களுக்கும் சமையற்கூடப் பணியாளர்களுக்கும் நான் சற்று விரிவாகவே நன்றி சொல்ல வேண்டும். உங்கள் வேலைப்பளுவைக் கூட்டித்தான் எங்கள் உரக்குழி உருவானது. கூட்டிக் குவித்த சருகை அப்புறப்படுத்திவிடாமல் சாக்கில் கட்டி வைத்தீர்கள். காய்கறித் தோலைத் தனிக் கூடையில் பிரித்துத் தந்தீர்கள். ஒன்றில் கரிமம் மிகுதி, மற்றொன்றில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி. கரிமம் ஏறத்தாழ 25 முதல் 30 பங்கும் தழைச்சத்து ஒரு பங்கும் இருக்கும்படி இரண்டையும் கலந்தால், நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும். குவியலின் நடுவில் வெப்பம் 55 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழிந்துபோகும். நீண்ட கம்பி வெப்பமானியைச் செருகி, தினமும் காலையில் அளவு பார்த்து எழுதுவது ஏழாம் வகுப்பின் பொறுப்பாக இருந்தது. கையால் தொட்ட இடமெல்லாம் குளிர்ச்சியாக இருந்த குவியலுக்குள் முள் அவ்வளவு உயரம் ஏறியதை அவர்கள் முதலில் நம்பவில்லை. வெப்பமானி பழுதாகிவிட்டது என்று சொல்லி வேறொன்று கேட்டார்கள்.

ஒருமுறை குவியலிலிருந்து துர்நாற்றம் கிளம்பியபோது அதை மூடிவிட வேண்டும் என்று பல பக்கங்களிலிருந்தும் குரல் எழுந்தது. சமையற்கூடத்தில் நெடுநாள் பணியாற்றும் அம்மா ஒருவர் வந்து, ஒரு கைப்பிடி அள்ளிப் பிழியச் சொன்னார். விரலிடுக்கில் நீர் ஒழுகியது. பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டுமே வர வேண்டும், இதில் ஈரம் மிஞ்சிக் காற்று போக வழியில்லாமல் போய்விட்டது என்று சொன்ன அவர், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. என்ன செய்வது என்று பிள்ளைகள் தாங்களே பேசி முடிவெடுத்து, சருகு சேர்த்துக் குவியலைப் புரட்டிப் போட்டார்கள். சில நாட்களில் நாற்றம் அடங்கியது. விடையைச் சொல்லிவிடுவது அவருக்கு எவ்வளவு எளிது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, அந்த மௌனத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கூரைத் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுவரும் குழாய்களைத் தம் ஓய்வு நாளில் வந்து பொருத்தித் தந்த தந்தைக்கும், கொசு புகாதபடி தொட்டிக்கு வலை கட்டிய காவலருக்கும் நன்றி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 1,000 லிட்டர்; தெறித்தும் ஆவியாகியும் வீணாவது போக, அதைவிடச் சற்றுக் குறைவாகவே தொட்டிக்குக் கிடைக்கும். கணக்கு ஆசிரியர் இதைக் கரும்பலகையில் போட்டதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வகுப்பை அழைத்துச் சென்று தொட்டியில் அளவு பார்க்க வைத்தார். இதோடு, மாலையில் வீடு திரும்பும்போது தண்ணீர்ப் புட்டியில் மிஞ்சியதை வாயிலருகே உள்ள பீப்பாயில் ஊற்றிச் செல்லும் வழக்கத்தைத் தொடங்கியவர்கள் தொடக்கநிலை வகுப்புப் பிள்ளைகள். நாற்றங்காலுக்குப் பெரும்பாலான நாட்களில் அந்தத் தண்ணீரே போதுமாக இருந்தது.

பேரப்பிள்ளையை அழைத்துப்போக வரும் பாட்டி ஒருவரைப் பற்றி இங்கே எழுதாவிட்டால் இம்மடல் நிறைவுறாது. அவரைக் கொடிகளின் குருத்தில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி அப்பியிருந்த வாரத்தில், கருத்த உடலில் செம்மஞ்சள் புள்ளிகளோடு, முரட்டுத் தோற்றமுடைய புழுக்கள் சில அதே குருத்தில் ஊர்ந்தன. இவைதாம் செடியைக் கெடுக்கின்றன என்று முடிவுகட்டிய பிள்ளைகள் அவற்றை நசுக்கக் கிளம்பினார்கள். பாட்டி அவர்களைத் தடுத்து, கையில் ஒரு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியைக் கொடுத்து, மணி அடிக்கும் வரை ஒரே ஒரு புழுவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். அந்தப் புழு அசுவினியை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். பொறிவண்டின் புழுப்பருவம் அது. கூட்டுப்புழுவாக மாறுவதற்குள் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். சில நாட்களில் அவை இலையடியில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகி, பின்பு சிவந்த வண்டுகளாக வெளிவந்தன. குருத்துகள் சிலவற்றை நாங்கள் இழந்தோம் என்பது உண்மை. மருந்தடித்திருந்தால் அந்தக் குருத்துகள் தப்பியிருக்கும். வண்டுகளும், பூவுக்கு வரும் தேனீக்களும் தப்பியிருக்குமா என்பது ஐயமே. உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, முழுமையாகவோ ஓரளவுக்கோ மகரந்தம் சுமக்கும் உயிர்களை நம்பியிருக்கின்றன. அதைச் சொல்லி விளங்கவைக்கப் பாட்டிக்குத் தேவைப்பட்டது ஒரு கண்ணாடியும் சிறிது பொறுமையும் மட்டுமே.

அறிவியல் ஆசிரியருக்கும் நன்றி. காய்த்து முடிந்த அவரையைப் பிடுங்கி எறியாமல் தண்டை மட்டும் வெட்டி, வேரை மண்ணிலேயே விட வேண்டும் என்றார் அவர். காரணம் காட்டுவதற்காக, பூக்கும் பருவத்துச் செடி ஒன்றை அதற்கு முன்பே வேரோடு எடுத்து, வேர்முடிச்சு ஒன்றைப் பிளந்து காட்டியிருந்தார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் நுண்ணுயிர்கள் அங்கே சுறுசுறுப்பாக இருக்கின்றன என்பதற்கு அந்த நிறமே சான்று. மொழியாசிரியர்கள் தோட்ட நாட்குறிப்பைத் திருத்தித் தந்தார்கள். பள்ளிச் செவிலியர் கையுறையையும் முதலுதவிப் பெட்டியையும் ஒருநாளும் குறைய விடவில்லை. அனைவருக்கும் நன்றி.

பள்ளித் தோட்டங்களுக்கு நேரும் பெரிய ஆபத்து பூச்சியால் வருவதைவிட விடுமுறையால் வருவதே அதிகம். செடிக்குக் கவனிப்பு மிகத் தேவைப்படும் வாரங்களில் பள்ளி பூட்டிக் கிடக்கும். திரும்பி வரும் பிள்ளைகள் காய்ந்த பாத்தியைப் பார்த்து மனம் விட்டுப்போவார்கள். நல்ல நோக்கத்தோடு தொடங்கிய எத்தனையோ தோட்டங்கள் இந்த ஓர் இடத்தில் நின்றுபோயிருக்கின்றன. எங்கள் தோட்டம் நிற்கவில்லை என்றால், முறை வைத்துக்கொண்டு நீண்ட விடுமுறை முழுவதும் வந்து நீர் விட்ட குடும்பங்களும், சாவியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு வேளை தவறாமல் திறந்துவிட்ட அடுத்த வீட்டுக்காரரும்தான் காரணம். உங்கள் பிள்ளையின் பாத்திக்கு மட்டும் நீர் ஊற்றிவிட்டு நீங்கள் போயிருக்கலாம். எல்லாப் பாத்திக்கும் ஊற்றினீர்கள். வந்தவர்கள் வாயிலில் மாட்டியிருந்த குறிப்பேட்டில், எந்தச் செடி பூவெடுத்தது, எதில் இலை மஞ்சளாகிறது என்று அடுத்து வருபவருக்காக எழுதியும் வைத்தீர்கள். பள்ளி திறந்ததும் பிள்ளைகள் முதலில் படித்தது அந்தக் குறிப்பேட்டைத்தான்.

நிறைவாக, இந்த ஆண்டோடு பள்ளியை விட்டுச் செல்லும் மாணவர்களுக்கு. நீங்கள் எடுத்து வைத்த விதைகள் பத்திரமாக இருக்கின்றன. தக்காளியின் சதையோடு விதையைப் பிழிந்தெடுத்து, இரண்டு மூன்று நாட்கள் புளிக்கவிட்டு, முளைப்பைத் தடுக்கும் வழவழப்பான உறை நீங்கியதும் கழுவி, மேலே மிதந்தவற்றை விலக்கி, அடியில் தங்கியவற்றை மட்டும் நிழலில் உலர்த்தினீர்கள். தோட்டத்தின் மிக நல்ல செடியில் பழுத்த பழங்களைப் பறித்துத் தின்றுவிடாமல் விதைக்கு விட்டுவைப்பது என்பது நீங்களே கூடிப் பேசி எடுத்த முடிவு. அந்த விதையில் விளையும் செடியை நீங்கள் இங்கே இருந்து பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் அப்படி முடிவெடுத்தீர்கள். ஒவ்வோர் உறையின் மேலும் பயிரின் பெயரும், விதையெடுத்த நாளும், எந்தப் பாத்தி என்பதும் தெளிவாக எழுதப்பட்டுள்ளன. ஆசிரியராக இருப்பதில் எனக்குக் கிடைத்த பெருமைகளுள் இதை முதன்மையாக வைக்கிறேன்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த உறைகளை அடுத்த பருவத் தொடக்கத்தில் பெற்றுக்கொள்வார்கள். விதைப்புக்கு முன் எடுக்கும் முளைப்புச் சோதனையில் உடனிருக்க விரும்பும் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுக்கலாம். அடுத்த விடுமுறைக்கான நீர்பாய்ச்சும் முறைப்பட்டியல் அலுவலக வாயிலில் வைக்கப்பட்டுள்ளது. முதல் இரண்டு வாரங்களுக்குப் பெயர்கள் நிரம்பிவிட்டன, மூன்றாம் வாரத்திலிருந்து இடம் உள்ளது.

மிக்க நன்றியுடன்,
பள்ளித் தோட்டப் பொறுப்பாசிரியர்