காற்றடிக்கும் முன்னால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். காலேஜ் லீவு விட்டால் போதும், செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டி "அண்ணே, இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு குடுங்க" என்று பையன்கள் வந்து நிற்கிறார்கள். காற்றுத் துப்பாக்கியாம். எதற்கு என்று கேட்டால் மயில் தொல்லை, விதைத்த கடலையை மறுநாளே கிளறிவிடுகிறது, வெடி போட்டும் மாளவில்லை என்பார்கள். தொல்லை உண்மைதான், எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் மயில் 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை, அதன் மேல் கை வைத்தால் கதை வேறு. பாதிப் பேருக்கு மயில் ஒரு சாக்கு என்பதும் எனக்குத் தெரியும், சொந்தமாக ஒன்றைச் செய்து பார்க்கிற ஆசைதான். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். செய்ததை அவர்கள் டெஸ்ட் பண்ணுகிற விதத்தைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

காற்றைத் தேக்குகிற டேங்குக்கு நாலு இஞ்ச் பிவிசி குழாயில் இரண்டடி, இரண்டு பக்கமும் மூடி, காற்றடிக்க ஒரு டியூப் மவுத், அப்புறம் பஞ்சர் கடையில் போய்க் காற்று. வெடிக்கவில்லை என்றால் பாஸ்! இதுதான் டெஸ்ட். அதிலும் குழாயை மடியில் வைத்துக்கொண்டு.

குழாயின் மேல் ஐஎஸ் 4985 (இந்தியத் தர எண்) என்றும் இத்தனை கிலோ பிரஷர் என்றும் அச்சடித்திருப்பதைக் காட்டி, "ஆறு கிலோ தாங்கும்னு போட்டிருக்கே" என்று என்னிடமே வாதாடுகிறார்கள். தம்பி, அது தண்ணீருக்குப் போட்ட கணக்கு, அதுவும் 27 டிகிரி சூட்டில். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கிடந்த குழாய்க்கு அந்தக் கணக்கு செல்லாது, சூடு ஏற ஏறப் பிவிசியின் பலம் குறையும். வெயில் பட்ட பக்கம் நிறம் வெளுத்து, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வரும், அந்த இடம் மொறுமொறுப்பாகிவிட்டது என்று அர்த்தம். காற்றுக்கு இந்தக் குழாய் வேண்டாம் என்று குழாய் செய்கிறவர்களே எச்சரிக்கிறார்கள். பிவிசி இரும்பு மாதிரி உப்பி, கிழிந்து, எச்சரிக்கை கொடுத்துப் போகாது. ஒரே நொடியில் சில்லு சில்லாகத் தெறிக்கும்.

ஒரு பையன் கொண்டுவந்த மூடியை ஹாக்சாவால் குறுக்கே அறுத்துக் காட்டினேன். சுற்றில் கால்வாசி இடத்தில் சொல்யூஷனே படவில்லை, கடையில் வாங்கினபடியே பளபளவென்று இருந்தது. வெளியே பார்த்தால் பிதுங்கின சொல்யூஷன் அழகாக வளையம் கட்டி நிற்கிறது, யாருக்குச் சந்தேகம் வரும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரை எவ்வளவு அழுத்தினாலும் அவ்வளவாகச் சுருங்காது, அதனால் அதற்குள் பெரிதாகச் சக்தி சேராது. காற்று அப்படி இல்லை. மேலே சொன்ன குழாயில் சுமார் ஐந்து லிட்டர் கொள்ளும். அதில் ஏழு பார், அதாவது நூறு பிஎஸ்ஐ, காற்று ஏற்றினால் 50 கிலோ அரிசி மூட்டை இரண்டாவது மாடியிலிருந்து விழுகிற அளவுக்குச் சக்தி உள்ளே உட்கார்ந்திருக்கும், சில ஆயிரம் ஜூல். அதே குழாயில் அதே அழுத்தத்தில் தண்ணீர் இருந்தால் ஒரு ஜூல்கூடத் தேறாது. குழாய் விட்டுப்போனால் ஒரு பீய்ச்சு, தரை நனையும், அவ்வளவுதான். காஸ் சிலிண்டருக்குத் தண்ணீரில் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பதும் இதனால்தான். சிலிண்டர் கைப்பிடிக்குக் கீழே ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் வருடமும் இருக்குமே, அது அடுத்த சோதனைக்கான கெடு.

இதற்குப் பெரிய லேப் வேண்டாம். புது வீட்டில் டைல்ஸ் ஒட்டும் முன்னால் பிளம்பர் ஒரு கைப்பம்பை வைத்து லைனில் தண்ணீர் ஏற்றி, அழுத்தம் காட்டுகிற கேஜைப் பார்ப்பார், அதே பம்ப் போதும். உள்ளே பொட்டுக் காற்று இல்லாமல் சாய்த்துச் சாய்த்து நிரப்ப வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான், மிஞ்சின காற்றும் வெடிக்கும். ஓட்டப் போகிற அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று, பிவிசி இதில் பாஸானாலும் பாஸ் இல்லை, நாளைக்கு ஒரு தட்டுப் பட்டால் போய்விடும். காற்று என்றால் அதற்கென்றே செய்து தேதி பொறித்த உலோகச் சிலிண்டர்தான். ஒலிம்பிக்கில் சுடுகிற ஏர் ரைபிளில்கூட 200 பார் வரை ஏற்றுகிறார்கள், சிலிண்டரின் தேதி முடிந்தால் தூர வைத்துவிடுகிறார்கள்.

இப்போது பழைய பிரிட்ஜ் கம்ப்ரசரைக் கழற்றிக் காற்றடிக்கிற பழக்கம் வேறு. கம்பெனி ஏர் கம்ப்ரசரில், அழுத்தம் ஏறினதும் தானாக நிறுத்துகிற ஆட்டோ-கட் ஸ்விட்ச், மிஞ்சின காற்றை வெளியே விடுகிற சேஃப்டி வால்வு இரண்டும் இருக்கும், அதில் கிடையாது, எது முதலில் விடுமோ அதுவரை அடித்துக்கொண்டே இருக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி குழல் துளை 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டு வெளிவருகிற சக்தி 20 ஜூலுக்கும் உட்பட்ட ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதைத் தாண்டி வீட்டில் ஒன்றைச் செய்தால் செய்தவனுக்கும் வம்பு, கடைந்து கொடுத்த என்னைப் போன்றவனுக்கும் வம்பு. 2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்தில் பிவிசி குழாயில் கார்பைடு போட்டு வெடித்துப் பல பிள்ளைகள் கண்ணில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அது வேறு வகைதான், ஆனால் குழாய் இதே குழாய்.

புதூர் அரசு ஐடிஐ போன்ற இடங்களில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை தண்ணீர் டெஸ்ட் எப்படி என்று வெளிப்பிள்ளைகளுக்கும் காட்டினால் நன்றாக இருக்கும். துப்பாக்கிக்கு என்று இல்லை, ஸ்பிரேயர் டேங்க், பஞ்சர் கடை கம்ப்ரசர் டேங்க் எல்லாவற்றுக்கும் இது தேவை. அந்த டேங்கின் அடியில் தேங்குகிற தண்ணீரைத் திறந்துவிடாமல் வருடக்கணக்கில் உள்ளே துருவேற விடுகிற கடைகள் ஊருக்கு ஊர் உண்டு.

தண்ணீர் ஊற்றினால் உள்ளே துருப்பிடிக்குமே என்று கேட்கிற தம்பிகளுக்கு: வடித்துவிட்டு, வாயைத் திறந்து ஒரு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். நம் ஊர் வெயிலுக்குச் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு லேத் பட்டறைக்காரர்,
மேலூர், மதுரை மாவட்டம்.