கதவில் உங்கள் பெயர்

பெர்லின்
8 பிப்ரவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? தினமும் போனில் பேசுகிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று அம்மா கேட்பாள். உங்களுக்குக் காரணம் தெரியும். நவம்பரில் நீங்கள் எனக்கு எழுதிய கடிதம் போன வாரம் உங்களிடமே திரும்பி வந்துவிட்டது. 36 வருடம் தபால் ஆபீசில் இருந்தவர் கைப்பட எழுதிய விலாசம், அதற்கே இந்தக் கதி! சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள், ஆனால் குரலில் கோபம் இருந்தது. உறைமேல் ஒட்டியிருந்த சீட்டைப் படம் எடுத்து அனுப்பினீர்களே, அதில் டிக் அடித்திருந்தது 'அங்கோன்யு' என்ற பிரெஞ்சுச் சொல். உலகத் தபாலுக்குப் பொது மொழி பிரெஞ்சுதான் என்று சின்ன வயதில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு 'தெரியாதவர்' என்று அர்த்தம்.

நீங்கள் எழுதிய விலாசத்தில் ஒரு பிழையும் இல்லை. பின்கோடும் சரி. பெயரில்தான் சிக்கல். அது போனில் சொல்லித் தீருகிற கதை இல்லை.

இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பொதுவாகக் கதவு எண் கிடையாது. எங்கள் கட்டிடத்தில் 22 வீடுகள், அத்தனைக்கும் ஒரே எண்தான். கீழே வாசலில் தபால்பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் குடியிருப்பவரின் குடும்பப் பெயர் மட்டும். தபால்காரர் அந்தப் பெயரைப் பார்த்துப் போட்டுவிட்டுப் போவார். நீங்கள் வழக்கம்போல உங்கள் இனிஷியலும் என் பெயருமாக எழுதியிருந்தீர்கள். என் பெட்டியில் இருப்பதோ உங்கள் பெயர்! பாஸ்போர்ட் எடுத்தபோது 'சர்நேம்' கட்டத்தில் அப்பா பெயரைப் போடு என்று டிராவல்ஸ்காரர் சொன்னார், போட்டோம். இங்கே வந்து குடியேறிய இரண்டு வாரத்துக்குள் விலாசத்தைப் பதிவு செய்ய வேண்டும். அங்கே அது என் குடும்பப் பெயராக ஏறிவிட்டது. அதற்குப் பிறகு பேங்க், இன்ஷூரன்ஸ், வரி எண், வாசல் மணி எல்லாமே உங்கள் பெயரில்தான்.

முதல் தடவை டாக்டரிடம் போனபோது நர்ஸ் வந்து 'திரு' போட்டு உங்கள் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். நீங்கள்தான் வந்துவிட்டீர்களோ என்று நான் திரும்பிப் பார்த்தேன், நம்புங்கள். ஏழாம் வகுப்பில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான் என்று ஒருத்தன் பல்லை உடைத்தேனே, நீங்கள் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டீர்களே. இப்போது ஒரு நாட்டுக்கே என்னைக் கூப்பிட அந்தப் பெயர்தான். பல்லை உடைக்கவா முடியும்?

இதில் வெட்கப்பட வேண்டியவன் நான்தான். இந்த மாதிரிப் படிவங்களைச் செய்வதுதானே என் பிழைப்பு. எங்கள் மென்பொருளிலும் இரண்டு கட்டம், முதல் பெயர், கடைசிப் பெயர். இரண்டில் எது காலியாக இருந்தாலும் உள்ளே விடாது. ஒரு நாள் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். கடைசிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சிலருக்கு ஒரு புள்ளி, சிலருக்கு ஒரு கோடு, சிலருக்கு முதல் பெயரே மறுபடியும். ஜாவாத் தீவில் எத்தனையோ பேருக்கு ஒற்றைப் பெயர்தான், நம் ஊரிலும் அப்படித்தானே. அமெரிக்க விசாவில் இன்னும் மோசம், ஒற்றைப் பெயர்க்காரர் என்றால் அதைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதல் பெயர் என்ற இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். பெயரை வைத்துக்கொண்டு எதிரே நிற்கிறவனிடம் உன் பெயர் தெரியவில்லை என்பது எப்படி இருக்கிறது?

ஜெர்மானியர்களுக்கே இந்தத் தொல்லை உண்டு. அவர்களிடம் 'எஸ்ஸெட்' என்று ஓர் எழுத்து இருக்கிறது. அதைப் பெரிய எழுத்தாக மாற்றினால் கம்ப்யூட்டர் இரண்டு 'எஸ்' ஆக்கிவிடும், பெயரே ஓர் எழுத்து நீண்டுவிடும். அதற்கென்று தனியாக ஒரு பெரிய எழுத்தை 2017-ல்தான் அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள். என்னோடு வேலை செய்யும் ஒருவர் பெயரில் அந்த எழுத்து இருக்கிறது. விமான டிக்கெட்டில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி என்று புலம்புவார். இத்தனைக்கும் கடைசிப் பெயரைக் கட்டாயமில்லை என்று மாற்றலாம் என நான் சொன்னபோது, பில் அச்சடிக்கும் பகுதி உடையும் என்று முதலில் தடுத்தவர் அவர்தான். மூன்று மீட்டிங் நடந்தது. அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

அந்த மீட்டிங்கில் எனக்கு உங்கள் கவுன்ட்டர்தான் ஞாபகம் வந்தது. மணியார்டர் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் உங்களிடம்தான் வருவார்கள். பம்பாயில் இருக்கிற மகனுக்கு விலாசமே தெரியாமல், அவன் வேலை பார்க்கிற ஹோட்டல் பெயரை மட்டும் சொன்ன பாட்டிக்கு நீங்கள் எழுதிக் கொடுத்தது, கீழே சேதி எழுதுகிற துளியூண்டு இடத்தில் 'வெயிலில் அலையாதே' என்று பொடி எழுத்தில் சேர்த்தது எல்லாம் நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கட்டம் நிரம்பவில்லை என்று யாரையும் நீங்கள் திருப்பி அனுப்பவில்லை. எங்கள் டீமில் நான் உட்பட ஒருவர்கூட நாங்கள் செய்த படிவத்தை ஒரு தடவையாவது நிரப்பிப் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதுதாமே, உன் வேலை என்னாகும் என்று அம்மா கேட்டாள். எழுதுகிறது அப்பா, நன்றாகவே எழுதுகிறது. நான் நாள் முழுக்க அதோடுதான் குப்பை கொட்டுகிறேன். ஒரு பதிவுப் படிவம் செய் என்றேன், அரை நிமிடத்தில் கொடுத்தது. முதல் பெயர் கட்டாயம், கடைசிப் பெயர் கட்டாயம்! எங்களைப் பார்த்துக் கற்றது வேறு எப்படி எழுதும்? தட்டச்சு ஒருநாளும் கஷ்டமாக இருந்ததில்லை, எதிரே நிற்பவர் யார் என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். அதற்காகப் பயமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் கம்பெனியில் புதிதாகப் படித்து வருகிறவர்களை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். சித்தப்பா பையனிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள்.

ஜெர்மனி என்றால் எல்லாமே மெஷின் என்றுதானே நினைத்தோம்? இங்கே பேங்க் ரகசிய எண் தபாலில் வருகிறது, கார்டு வேறொரு தபாலில் வருகிறது. எங்கள் தெருக் கபாப் கடையில் 'ரொக்கம் மட்டும்' என்று போர்டு. கோவில்பட்டியில் பூக்காரம்மா கூடையில் க்யூஆர் அட்டை தொங்குகிறது என்று சொன்னால் இங்கே வாயைப் பிளக்கிறார்கள். முதல் வருடம் நானும் கேலி பேசினேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் மூடிக்கிடக்க, பொழுது போகாமல் லிஷ்டன்பெர்க்கில் இருக்கும் ஸ்டாசி மியூசியத்துக்குப் போனேன். ஸ்டாசி என்றால் கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ். சொந்த ஜனங்களைப் பற்றி அவர்கள் எழுதிவைத்த கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர். நம் வீட்டு வாசலில் ஆரம்பித்தால் மதுரையைத் தாண்டிவிடும். மேற்கு ஜெர்மனியிலும் சும்மா இல்லை, 1983-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். தன் விவரத்தை என்ன செய்வது என்று முடிவு செய்வது அவரவர் உரிமை என்று தீர்ப்பும் வாங்கிவிட்டார்கள். எங்கள் ஆபீசில் 'பின்னால் தேவைப்படலாம்' என்று பிறந்த தேதியைக் கேட்கிற வழக்கம் ஒன்று உண்டு. அந்த மியூசியத்திலிருந்து வந்த பிறகு எனக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கிறது.

உங்களுக்கு ஒரு துறைச் செய்தி. பக்கத்து நாடான டென்மார்க்கில் 1624-ல் தொடங்கிய தபால் சேவை போன டிசம்பரோடு கடிதம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. தனியார் கம்பெனி ஒன்றுதான் இனிமேல் கடிதம் கொடுக்கும். தெருவில் இருந்த சிவப்புத் தபால்பெட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். இங்கே இன்னும் ஓடுகிறது, உள்நாட்டுக்குள் ஒரு கடிதத்துக்கு 95 சென்ட், நம் காசுக்குக் கிட்டத்தட்ட நூறு ரூபாய்.

வேலை பற்றிக் குறை இல்லை. போன மாதம் காய்ச்சலோடு லாப்டாப்பைத் திறந்தேன், டீம் லீடர் பார்த்துவிட்டு மூடச் சொல்லித் திட்டினார். லீவில் இருக்கும்போது காய்ச்சல் வந்து, டாக்டர் சீட்டு வாங்கினால், அந்த லீவு நாட்கள் திரும்பக் கிடைக்கும், சட்டமே அப்படி. சென்னையில் தீபாவளி அன்று பாத்ரூமில் உட்கார்ந்து சர்வரைச் சரிசெய்தவனுக்கு இது இன்னும் பழகவில்லை. டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது, அது மட்டும்தான் கொடுமை. இப்போது ஐந்து மணி வரை வெளிச்சம் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இனி எழுதும்போது என் பெயருக்குப் பின்னால் உங்கள் பெயரை முழுசாக எழுதுங்கள். பெட்டியிலும் என் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன், வீட்டுக்காரர்கள் எப்போது கிழிப்பார்கள் என்று தெரியாது. திரும்பி வந்த கடிதத்தைப் பிரிக்காமல், அந்தச் சீட்டோடு, அப்படியே பெரிய உறையில் போட்டு அனுப்புங்கள். நவம்பரில் என்ன எழுதினீர்கள் என்று போனில் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்