பாலத்துக்குப் பேர் வைக்கிறது சனம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் பாலங்களுக்கு அந்தந்த ஊர்ச்சனம் வச்ச பட்டப்பேருகள் பற்றி உங்கட ஞாயிறு இதழில வந்த கட்டுரைய வாசிச்சன். சிட்னி பாலத்த கோட் ஹேங்கர் எண்டுறது, லண்டன்ல 2000ம் ஆண்டு ஜூன்ல திறந்த மிலேனியம் பாலம் சனம் நடக்க நடக்க பக்கவாட்டில ஆடி ரெண்டே நாளில மூடுப்பட்டு, ஆட்டத்த அடக்கி 2002ல திரும்பத் திறந்தும் ஆடுற பாலம் எண்ட பேர் போகவே இல்ல எண்டுறது எல்லாம் நல்லா இருந்தது. ஆனா எங்கட பக்கத்துப் பாலம் ஒண்டு கூட அதில வரேல்ல, அதான் எழுதுறன்.

பட்டப்பேர ஒருத்தரும் மேசை போட்டு யோசிச்சு வைக்கிறதில்ல. எங்க இறங்குறீங்க எண்டு பஸ் கண்டக்டர் கேக்கேக்க வாயில டக்கெண்டு என்ன வருதோ அதுதான் பேர். மட்டக்களப்பில வெள்ளைக்காரன் கட்டின பாலத்துக்கு கவர்னர்ட மனுசிட பேர், லேடி மன்னிங் பாலம், எந்தக் கண்டக்டர் அப்பிடிச் சொல்லுறார்? கல்லடிப் பாலம்தான், 2013ல பக்கத்தில புதுசு திறந்தாப்பிறகு அதுவும் கல்லடிப் பாலம்தான். சென்னையில 1973ல திறந்த அண்ணா மேம்பாலம் சனத்துக்கு இண்டைக்கும் ஜெமினி, அந்த ஸ்டூடியோ இல்லாமப் போய் எவ்வளவோ காலம். டப்ளின்ல 1816ல கட்டின பாலத்துக்கு வெலிங்டன்ட பேர வச்சாங்க, நடந்து கடக்கிறவங்களிட்ட அரைப் பென்னி வாங்கினதால ஹாபென்னி பாலம் எண்டு ஆகி, காசு வாங்குறத நிப்பாட்டி நூறு வருசம் தாண்டியும் அப்பிடியே நிக்குது. உருவத்தப் பாத்து வைக்கிற பேர விட இப்பிடி காசு குடுத்து, காத்து நிண்டு, பயந்து கடந்து வந்த பேருக்குத்தான் உயிர் கூட.

எங்கட திருகோணமலையில கிண்ணியாவ எடுங்க. 2009 ஒக்டோபர்ல சவூதி உதவியோட 396 மீற்றர் பாலம் திறக்கிற வரைக்கும் பாதையில, அதாவது ஆக்களையும் வாகனங்களையும் ஏத்திக் கடத்துற மிதவைப் படகில ஏறித்தான் கடக்கோணும், இல்லாட்டி கந்தளாய் சுத்தி வரோணும். எங்கட வீட்டுப் பெரியாக்கள் இண்டைக்கும் போன்ல பாதையடிக்கு வந்திட்டம் எண்டுதான் சொல்லுவாங்க, பாதை ஓடுறது நிண்டே போச்சு. மூதூர் ரோட்டில உப்பாறு, கங்கை, இறால்குழி எண்டு தண்ணிட பேரே பாலத்துக்கும் பேர், யார் திறந்து வச்சது எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்ல.

கிண்ணியாவில இருக்கிற குறிஞ்சாக்கேணி எண்டு கேட்டா எங்களுக்கு பாலம் நினைவு வராது, 2021 நவம்பர் 23தான் நினைவு வரும். பாலம் கட்டி முடியாத நேரம் சனம் ஏறிப்போன அந்தப் படகுப்பாதை கவிண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செத்தாங்க. அந்தப் பாலத்துக்கு சனம் என்ன பேர் சொன்னாலும் அதுக்குள்ள அந்தப் பிள்ளைகள் இருப்பாங்க, அங்க எந்த அரசியல்வாதிட பேரையும் கொண்டு வந்து ஒட்ட வேணாம் எண்டு இப்பவே சொல்லி வைக்கிறன்.

ஆசிரியரே, ஒரு பக்கம் ஒதுக்குங்க. கிண்ணியா, மூதூர், வெருகல், குச்சவெளி, புல்மோட்டை வாசகர்களிட்ட அவங்கட பாலம் மதகுக்கு வாயில வழங்குற பேர எழுதச் சொல்லிக் கேளுங்க, சிங்களச் சனம் சொல்லுற பேரையும் சேருங்க. பாதை ஓட்டின ஆக்கள், பாதையடியில யாவாரம் பாத்த ஆக்கள் இன்னும் இருக்காங்க, அவங்களிட்ட முதல்ல கேளுங்க, எந்த இடத்தில என்ன நடந்து எந்தப் பேர் வந்ததெண்டு அவங்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உவர்மலை, திருகோணமலை