அந்தக் கொடியைச் சட்டத்திலிருந்து எடு, அம்மிணி

அம்மிணி,

நீ அனுப்பிய போட்டோ பார்த்தேன். நான் தைத்து அனுப்பிய கொடிக்குக் கண்ணாடி போட்டு, சுற்றிலும் தேக்குக் கலர் சட்டம் அடித்து, சோபாவுக்கு மேலே மாட்டியிருக்கிறாய். நிறையச் செலவு செய்திருப்பாய். அழகாகத்தான் இருக்கிறது, அப்பாகூட "மியூசியத்துல வெச்ச மாதிரி இருக்கு" என்றார். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. அதைக் கழற்றி வெளியே கட்டு. போனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காற்றில் கிழிந்துவிடும் என்று எழுதியிருந்தாய். கிழியட்டும் என்றுதான் தைத்தேன். நீ இருப்பது நம்ம குன்னூர் வெலிங்டன் இல்லை, காற்றுக்கே பேர் வாங்கிய நியூசிலாந்து வெலிங்டன். அந்த ஊரில் போய் ஒரு கொடியைக் கண்ணாடிக்குள் அடைப்பாளா ஒருத்தி?

நீ காலேஜில் படிக்கும்போது திம்பம் மலையேறி மைசூர் வழியாகப் பைலகுப்பே போனோமே, ஞாபகம் இருக்கிறதா? திபெத்திலிருந்து வந்தவர்கள் 1960களின் தொடக்கத்தில் காட்டைத் திருத்திக் குடியேறிய ஊர். தங்கக் கோயில் என்று நம்ம ஆட்கள் சொல்லும் நம்ட்ரோலிங் மடாலயத்துக்குள்ளே நீ அந்த மூன்று பெரிய சிலைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வெளியே கயிறு கயிறாகக் கட்டியிருந்த பிரார்த்தனைக் கொடிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பாதி கொடி வெளுத்து, ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, சிலதில் எழுத்தே இல்லை. பராமரிப்பு இல்லை போல என்று நினைத்துக் கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். வெளுத்தால்தான் நல்லதாம், வேண்டுதலைக் காற்று எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தமாம்.

நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள், இடமிருந்து வலமாக இந்த வரிசையில்தான் வர வேண்டும், வானம், காற்று, தீ, நீர், நிலம் என்று அவர்தான் சொன்னார். நம்ம ஐம்பூதம்தானே என்று எனக்கு ஒரே சந்தோஷம். நடுவில் அச்சடித்திருக்கும் குதிரைக்கு லுங்தா என்று பேர், காற்றுக்குதிரை என்று அர்த்தம், முதுகில் ரத்தின மணியைச் சுமந்துகொண்டு போகும். நாலு மூலையில் கருடன், டிராகன், புலி, பனிச்சிங்கம், மீதி இடமெல்லாம் மந்திரம். மரக்கட்டையில் எழுத்தைச் செதுக்கி, மை தடவித் துணியில் அழுத்தி எடுப்பதுதான் பழைய முறை. வேண்டுதலைச் சாமியிடம் கொண்டுபோகத்தான் கொடி என்று நினைத்திருந்தேன், அதுவும் தப்பு. அந்த எழுத்தைத் தொட்டுவிட்டுக் காற்று எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் இருக்கிறவர்களுக்கு நல்லது, கட்டினவருக்கு மட்டும் இல்லை. தரையில் படக்கூடாது. பழசைக் குப்பையில் போடக்கூடாது, எரித்துவிட வேண்டும். கட்டுவதற்கு நாள் பார்ப்பதும் உண்டு, ஆகாத நாளில் கட்டினால் தடைகள்தான் வருமாம் (ராகுகாலம் நமக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்).

இவ்வளவையும் கேட்டுவிட்டு வெளியே வந்தால், நீ நைலான் கொடி ஒன்று வாங்கி ஸ்கூட்டி கைப்பிடியில் கட்டப் போவதாகச் சொன்னாய். லடாக் பக்கமே போகாத புல்லட்டில் எல்லாம் அது தொங்குகிறதே, அந்த மாதிரி. நைலான் மக்கவே மாட்டேன் என்கிறது, நூல் நூலாக உதிர்ந்து மண்ணில் கிடப்பதோடு சரி. அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

சரி, இப்போது என் கொடிக்கு வருகிறேன். நான் மந்திரத்தையும் குதிரையையும் தொடவில்லை, அது அவர்களுடையது. அதில் எனக்குப் பிடித்தது துணியில் மனசில் உள்ளதை வைத்துக் காற்றில் விட்டுவிடுவது மட்டும்தான். அதை நம்ம கைவேலையில் செய்து பார்த்தேன். அடித்துணி காடாத்துணி, எட்டங்குல அகலம், பன்னிரண்டங்குல நீளம், மேலே இரண்டங்குலத்தை மடித்துத் தைத்தால் கயிறு நுழைகிற வழி கிடைக்கும். அதன் மேலே என்ன வேண்டுமானாலும் வைக்கலாம், சேலை முந்தி, ஜரிகை, பழைய பட்டன், பஸ் டிக்கெட்டு, வெண்டைக்காயை நறுக்கிப் பெயிண்டில் தொட்டு வைத்த பூ.

எல்லாம் ஒரே நாளில் வரவில்லை. முதல் கொடியில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன், ஒரே மழையில் ஊதா ஆறு மாதிரி ஓடிவிட்டது. ஃபேப்ரிக் பெயிண்டில் எழுதி, ஒரு நாள் காயவிட்டு, பின்பக்கமாக இஸ்திரி போட்டால்தான் நிற்கிறது. இரண்டாவதில் ஃபெவிகால் போட்டு ஒட்டினேன், நனைந்ததும் பால் மாதிரி வெளுத்து எல்லாம் கழன்று விழுந்தது. திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கிறதே என்று வாங்கி வந்தால் அது வெட்டின இடமெல்லாம் சுருண்டுகொள்கிறது. காகிதத்தை அப்படியே தைத்தால் ஊசி போன வழியிலேயே கிழிகிறது, மேலே ஒரு மெல்லிய வாயில் சேலைத் துணித் துண்டைப் போர்த்தித் தைக்க வேண்டும், கீழே இருப்பது மங்கலாகத் தெரியும், அது இன்னும் அழகு. வேப்பிலை ஒன்று வைத்துத் தைத்திருந்தேன், உங்கள் ஊரில் இலை விதை எதையும் உள்ளே விடமாட்டார்கள் என்று அப்பா சொன்னதால் பிரித்தெடுத்தேன். அந்த இடத்தில் ஊசி போன ஓட்டை இருக்கும், பார்.

எதிர்வீட்டு அக்கா, மாடிவீட்டு டீச்சர், இன்னும் ஆறு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆளுக்கு ஒன்று தைத்து, ஆடி மாசம் முழுக்க எங்கள் மொட்டைமாடியில் ஒரே கயிற்றில் கட்டினோம், பிறகு அவரவர் கொடியை அவரவர் எடுத்துக்கொள்ளாமல் மாற்றிக்கொண்டோம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று உனக்குத் தெரியாததா? அம்மியே நகரும் என்றால் கொடி என்ன ஆகும், இரண்டு பறந்துபோய் முருங்கை மரத்தில் மாட்டிக்கொண்டது. அக்கா தன் கொடியில் "தண்ணி" என்று மட்டும் எழுதியிருந்தார், பத்து நாளாகக் குழாயில் வரவில்லை. டீச்சர் என்ன எழுதினார் என்று கடைசிவரை சொல்லவில்லை, எழுத்தை உள்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டார். அப்பா மேலே வந்து பார்த்துவிட்டு, "துணி காயப்போட்ட மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

உன் கொடியில் என்ன எழுதுவது என்று எனக்கு ஒரு வாரம் ஓடவில்லை. அதனால் எழுத்தே இல்லை. அதில் மஞ்சள் துண்டு ஒன்று இருக்கிறது அல்லவா, அதன் மேலே சின்னச் சின்ன முடிச்சுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு நூல்வால் தொங்குகிறது. டிசைன் சூப்பர் என்று எழுதியிருந்தாய். அது டிசைன் இல்லை. எண்ணிப் பார், 16 இருக்கும். ஆபரேஷன் முடிந்து 16 நாள் கழித்துத்தானே எங்களுக்குச் சொன்னாய். நாங்கள் பயப்படுவோம் என்று சொல்லவில்லை, எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 16 நாளும் நான் இங்கே தோசை ஊற்றிக்கொண்டு, சீரியல் பார்த்துக்கொண்டு, உனக்கு "குட் மார்னிங்" பூப்படம் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்பவும் வயிற்றில் என்னவோ செய்கிறது.

உனக்குச் சின்ன வயதில் டைபாய்டு வந்தபோது ஆத்தா மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். நீ எழுந்து நடந்த பிறகுதான் அவிழ்த்து உண்டியலில் போட்டோம். முடிந்தது முடிந்தபடியே கிடக்கக்கூடாது என்பார். அதனால்தான் இந்த முடிச்சுகளை இறுக்கவில்லை, ஒரே சுற்றுச் சுற்றி வாலை நீளமாக விட்டிருக்கிறேன், காற்று இழுத்தால் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். நீ அதைக் கண்ணாடி போட்டு இறுக்கி வைத்திருக்கிறாய், எப்படித் தூங்குவேன் சொல்.

பின்வாசல் பக்கம் இரண்டு தூண் இருக்கிறதே, அங்கே கட்டு. பருத்திக்கயிறு இத்துடன் வைத்திருக்கிறேன், உங்கள் ஊர் நைலான் கயிறு வேண்டாம். துணி காயப்போடுகிற கிளிப்பும் போடாதே. அப்புறம், கீழே தைத்திருக்கும் மூன்று பட்டன் கனத்துக்காக வைத்தது, கொடி கயிற்றில் சுருண்டுகொள்ளாமல் இருக்கும். அது உன் எட்டாம் வகுப்பு யூனிஃபார்ம் பட்டன்.

முடிச்சு எத்தனை கழன்றது என்று மாசத்துக்கு ஒருமுறை போட்டோ அனுப்பு. சட்டத்தில் வேறு ஏதாவது மாட்டிக்கொள், கல்யாண போட்டோ இருக்கிறது இல்லையா?

வெள்ளைத்துண்டு அப்பாவின் எட்டு முழ வேட்டி. அவரிடம் கேட்காமல்தான் வெட்டினேன், அதைப் பற்றி மட்டும் போனில் பேச்செடுக்காதே.

அம்மா