மூக்கு முதல் பாதம் வரை: எங்கள் குழந்தைகளின் அட்டைப் புத்தகத்திற்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். மதுரை தெற்குவாசல், வில்லாபுரம், அவனியாபுரம் பகுதிகளில் ஒரு வயது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் கைகளில் இப்போது புரண்டுகொண்டிருக்கும், உடல் உறுப்புகளைப் பாட்டாகச் சொல்லும் கெட்டி அட்டைப் புத்தகங்களுக்குப் பின்னால் நிற்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் சிறிய வாசிப்பு வட்டத்தின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். பின்னட்டையில் பெயர்களை அச்சிடலாமா என்று கேட்டபோது உங்களில் பலர் வேண்டாம் என்று மறுத்துவிட்டீர்கள். அந்த விருப்பத்தை மதித்து இங்கும் எவர் பெயரையும் நான் எழுதவில்லை. ஆயினும் யார் என்ன செய்தார் என்பது பதிவாக வேண்டும் என்று விரும்புகிறேன். ஏனெனில் இந்தப் புத்தகங்கள் வழக்கமான உறுப்புப் படப் புத்தகங்களிலிருந்து எங்கெல்லாம் வேறுபடுகின்றனவோ, அந்த ஒவ்வோர் இடத்திலும் உங்களில் ஒருவரது சொல்லோ உழைப்போ இருக்கிறது.

கடைகளில் நான் பார்த்த இத்தகைய புத்தகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் கிடைத்த சிலவற்றிலும் ரோஜா நிறக் கன்னமும் செம்பட்டை முடியும் கொண்ட ஒரே குழந்தைதான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிரித்துக்கொண்டிருந்தது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மூக்கு என்றால் தன் மூக்கும், தன்னைத் தூக்கி வைத்திருப்பவரின் மூக்கும்தான். அந்த இரண்டுக்கும் சற்றும் ஒவ்வாத மூன்றாவது மூக்கு ஒன்றைக் காட்டி அதுதான் மூக்கு என்று கற்பிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்களோடு தொடக்கத்திலேயே சேர்ந்துகொண்ட பேச்சுப் பயிற்சியாளருக்கு முதல் நன்றி. இரண்டு வயதை எட்டும் குழந்தைகளில் பெரும்பாலோர் கேட்டவுடன் குறைந்தது இரண்டு உறுப்புகளையாவது தொட்டுக் காட்டிவிடுவார்கள் என்பதையும், கண், மூக்கு, வாய் ஆகியவை முதலில் வந்து முழங்கையும் கணுக்காலும் பிந்தி வரும் என்பதையும் விளக்கி, அந்த வரிசையிலேயே பக்கங்களை அமைக்கச் சொன்னவர் அவர். புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரு பக்கங்களுக்கு ஓர் உறுப்பு போதும், கேள்வியைப் பாடிய பின் குழந்தை விடை சொல்வதற்காக வாசிப்பவர் சற்று நிறுத்திக் காத்திருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதால்தான், எல்லாப் பாடல்களும் கேள்வியும் செயலுமாக அமைந்தன.

பாடல்களை எழுதித் தந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மாவுக்கு நாங்கள் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவையும் கவிமணியையும் வகுப்பறைகளில் ஆண்டுக்கணக்காகப் பாடி வந்தவர் அவர். வேற்றுமொழிப் பாட்டின் பாணியில் கடைசிச் சொற்களை மட்டும் ஒன்றுபோல ஒலிக்கச் செய்தால் தமிழ்க் குழந்தையின் காதுக்குப் போதாது, அடி தொடங்கும் இடத்திலேயே எதுகை விழ வேண்டும் என்பது அவரது உறுதியான கருத்து. அவர் எழுதிய முதல் பாடல் இரண்டே அடிகள் கொண்டது:

மூக்கு எங்கே? காட்டு!
நாக்கு எங்கே? நீட்டு!

மூக்கும் நாக்கும் எதுகையாகத் தொடங்க, காட்டும் நீட்டும் இயைபாக முடியும் இந்தப் பாடலைச் சில முறை கேட்ட குழந்தைகள், முதல் அடி முடிவதற்குள்ளேயே நாக்கை நீட்டிக்கொண்டு காத்திருப்பதை நாங்கள் எல்லோரும் பார்த்து மகிழ்ந்திருக்கிறோம். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதக் குழந்தை தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரைப் பருவமாகவும், ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டுவது சப்பாணிப் பருவமாகவும், அதன் பின் இதழ் குவித்து முத்தம் தருவது முத்தப் பருவமாகவும் வைக்கப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டி, பாட்டுடைத் தலைவர் கடவுளே ஆனாலும் நம் புலவர்கள் வீட்டுக் குழந்தையின் உடலைத்தான் உற்றுப் பார்த்துப் பாடியிருக்கிறார்கள் என்று அவர் எங்களுக்குச் சொல்லித் தந்தார். நாங்கள் செய்வது ஒரு நீண்ட மரபின் தொடர்ச்சி என்ற தெம்பு அன்றுதான் எங்களுக்கு வந்தது.

அடுத்து நான் நன்றி சொல்ல வேண்டியவர், இடது முழங்கைக்குக் கீழே கை வளராமல் பிறந்த பெண் குழந்தையின் தாய். கைக்கான பாடலின் முதல் வடிவத்தில் கைகள் இரண்டையும் தட்டச் சொல்லும் அடி ஒன்று இருந்தது. வாசித்துப் பார்க்கக் கொடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து, "டீச்சர், இந்த இடத்துல எம் மக என்ன செய்வா?" என்று மட்டும் கேட்டார். அவரது குரலில் கோபம் இல்லை. உண்மையான கேள்வியாகவே கேட்டார். ஆசிரியை அம்மா அப்போதே பென்சிலை எடுத்துக்கொண்டு அமர்ந்து, எண்ணிக்கை வரும் எல்லா அடிகளையும் ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினார். இன்று புத்தகத்தில் உள்ள கைப்பாட்டு இப்படி இருக்கிறது:

கையைத் தூக்கி ஆட்டு!
பையப் பைய நீட்டு!

இதை ஒரு கை உள்ள குழந்தையும் ஆடலாம், இரு கை உள்ள குழந்தையும் ஆடலாம், ஒரு கையில் பொரி உருண்டையை வைத்துக்கொண்டு விட மறுக்கும் குழந்தையும் ஆடலாம். பத்து விரல் என்று எண்ணும் அடியும் இதே முறையில் நீங்கியதில், ஆறு விரலோடு பிறந்த பேரனை வளர்க்கும் ஓர் அப்பத்தா அடைந்த நிறைவை நான் நேரில் கண்டேன். எண்களைக் கற்பிக்க வேறு புத்தகங்கள் இருக்கின்றன. உறுப்புப் புத்தகத்தில் எந்தக் குழந்தையின் உடலும் கணக்கில் குறைந்ததாகவோ கூடியதாகவோ தோன்றக் கூடாது என்பதை அந்தத் தாய் ஒரே கேள்வியில் எங்களுக்குப் புரியவைத்தார்.

ஓவியர் தங்கையே, உனக்கு எழுதும்போது மட்டும் இந்த மடலின் நடை சற்றுத் தளர்ந்தால் பொறுத்துக்கொள். பல வாரங்கள் அங்கன்வாடி வாசல்களில் அமர்ந்து குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தாய். தலைமுடிப் பக்கத்தில் சுருள்முடிக் குழந்தையோடு, குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தையையும் வைத்தாய். இந்த வயதில் நம் குழந்தைகளில் எத்தனையோ பேருக்குத் தலையில் முடியே இருப்பதில்லை என்பது உனக்குத்தான் நினைவுக்கு வந்தது. காதுப் பக்கத்தில் புதிதாகக் காது குத்திய குழந்தையும், செவித்திறனுக்காகக் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தையும் அருகருகே இருக்கிறார்கள். பாதத்திற்கான பக்கத்தில், வளைபாதச் சிகிச்சைக்காக இரு காலணிகளையும் ஒரு கம்பியால் இணைத்து அணிந்திருக்கும் குழந்தை காலை உதைத்துக்கொண்டு சிரிக்கிறது. அந்தக் காலணியை நான்கு வயது வரை இரவுதோறும் அணிய வேண்டியிருக்கும் என்பதால், அதைப் புத்தகத்தில் பார்க்கும் குழந்தைக்கும் பெற்றோருக்கும் அந்தப் பக்கம் எவ்வளவு வேண்டியது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. கன்னப் பக்கத்தில் திருஷ்டிப் பொட்டு, தோலுக்கான பக்கத்தில் வெண்புள்ளிகள் உள்ள அப்பாவின் கையைப் பற்றியிருக்கும் சிறுவன், குழந்தைகளைத் தூக்கி வைத்திருப்பவர்களில் முக்காடு இட்ட பாட்டியும் லுங்கி கட்டிய தாத்தாவும் என்று எல்லோரையும் நீ உள்ளே அழைத்துவந்தாய். தன் கையை வரைய இசைந்த அந்தத் தந்தைக்கும் என் வணக்கம்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கறுத்த தோலுள்ள குழந்தையின் உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளிறியிருக்கும் என்பதைக் கவனித்து அப்படியே தீட்டியிருந்தாய். அந்தப் பக்கத்தைப் பார்க்கும் குழந்தைகள் தங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். எந்தப் பாடலும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இந்த நிறங்கள் தாளில் வந்து சேர்ந்ததற்குச் சிவகாசி அச்சகத் தோழர்களே காரணம். நான்கு வண்ண ஆஃப்செட் அச்சில் அடர்ந்த பழுப்பைக் கொண்டுவருவது எளிதன்று. கறுப்பு மையைக் கூட்டினால் முகத்தின் மடிப்புகளும் முழங்கையின் சுருக்கங்களும் அழிந்து ஒரே கறையாகிவிடும். நீலம் சற்று ஏறினால் தோல் பச்சை தட்டிவிடும். முதல் மாதிரித் தாளில் கறுத்த குழந்தைகளின் முகம் மங்கியிருப்பதை நாங்கள் சொல்வதற்கு முன்பே கண்டுகொண்ட மூத்த இயந்திர இயக்குநர், கறுப்பைக் குறைத்து, மெஜந்தாவும் மஞ்சளும் நிறத்தின் ஆழத்தைத் தாங்கும்படி மாற்றி, நீலத்தை அளவோடு விட்டு, மீண்டும் மீண்டும் தாள்களை எடுத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். தம் பேத்தியின் நிறம் வரும் வரை இயந்திரத்தை ஓட்டப்போவதில்லை என்று அவர் சொன்னது விளையாட்டுப் பேச்சு அன்று. குழந்தைகள் புத்தகத்தை முதலில் வாயில்தான் வைப்பார்கள் என்பதால் உணவுப் பொட்டலங்களுக்கு ஏற்ற மையைப் பயன்படுத்தியதும், எச்சில் ஊறிப் பிரியாதபடி லேமினேஷனை விளிம்பு வரை இழுத்ததும், கூர்மூலைகளை டை கட்டிங்கில் வளைவாக வெட்டியதும் அவர்களே. அட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டி, அடுக்கி, பாரம் ஏற்றி உலர்த்திய பெண்களின் வேலை எந்தப் பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாது. இருநூறு முறை விரித்தாலும் பிரியாத முதுகுதான் அதற்குச் சான்று.

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் உயிர்நாடியாக இருப்பவர்கள் அங்கன்வாடி ஊழியர்களும் உதவியாளர்களும். எடை பார்ப்பது, சத்துமாவு வழங்குவது, பதிவேடுகளை நிரப்புவது என்று ஏற்கெனவே நிறைந்திருக்கும் அவர்களது நாளில் நாங்கள் இன்னொரு வேலையைச் சேர்த்தோம். அவர்கள் அதை வேலையாகக் கருதவில்லை. சத்துமாவு வாங்க வரும் தாய்மார்களை அமரவைத்து, புத்தகத்தை எப்படிப் பாடுவது என்று அவர்களே செய்துகாட்டினார்கள். படிக்கத் தயங்கிய தாய்மாரிடம், எழுத்தைப் பார்க்க வேண்டாம், படத்தைப் பார்த்துப் பாடினால் போதும் என்று சொல்லித் தயக்கத்தைப் போக்கினார்கள். நகர்ப்புற சுகாதார நிலையத்தின் செவிலியர் சகோதரிகளுக்கும் இதே நன்றி உரியது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1992-இல் முந்நூறு குழந்தைகளோடு தொடங்கிய புக்ஸ்டார்ட் திட்டம், நலப் பரிசோதனைக்கு வரும் குழந்தைகளுக்குப் புத்தகம் கொடுத்ததை அவர்களிடம் சொன்னபோது, புதன்கிழமைத் தடுப்பூசி நாளில் பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்திற்குள் ஊக்கத் தடுப்பூசிக்கு வரும் குழந்தைகளுக்கு நாமும் கொடுக்கலாமே என்று முன்வந்தவர்கள் அவர்கள்தான். ஊசி போட்ட இடத்தைத் தடவிவிட்டபடி தொடைப் பாட்டைப் பாடும் வழக்கத்தையும் அவர்களே உண்டாக்கினார்கள்.

அந்தரங்க உறுப்புகளைப் பற்றி என்ன செய்வது என்ற கேள்வி பெற்றோர் கூட்டத்தில் எழுந்தபோது, எங்கள் குழந்தை நல மருத்துவர் மிகுந்த பொறுமையோடு பேசினார். மற்ற உறுப்புகளைப் போலவே அவற்றுக்கும் பெயர் உண்டு என்பதைக் குளிப்பாட்டும்போது இயல்பாகச் சொல்லித் தருவதே குழந்தையின் பாதுகாப்புக்கு நல்லது என்றார். அவர் எழுதிய விளக்கத் தாள் ஒவ்வொரு புத்தகத்தோடும் பெற்றோருக்குப் போகிறது.

அப்பத்தாக்களே, அம்மாச்சிகளே, நீங்கள் இல்லாமல் இந்தப் புத்தகம் அட்டையாகவே நின்றிருக்கும். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு ஊட்டி, நண்டூருது நரியூருது என்று கையின் வழியே ஏறி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டை எங்களில் இளையவர்கள் பலர் மறந்திருந்தோம். உங்களைப் பார்த்துத்தான் மணிக்கட்டு, முன்கை, முழங்கை, அக்குள் என்ற வரிசையில் ஒரு பாடலே பிறந்தது. தெற்குவாசல் பகுதிச் சௌராஷ்டிரக் குடும்பங்களின் பாட்டிகள் தமிழில் பாடி முடித்தவுடன் அதே உறுப்புகளைத் தம் வீட்டு மொழியிலும் கேட்கிறார்கள். கட்டட வேலைக்காக வடமாநிலத்திலிருந்து வந்திருக்கும் தாய்மார்கள் இந்தியில் கேட்கிறார்கள். குழந்தைகள் எந்த மொழியில் கேட்டாலும் சரியான இடத்தைத் தொடுகிறார்கள். ஆகவே அடுத்த பதிப்பில் ஒவ்வொரு படத்தின் கீழும் பெற்றோர் தம் மொழிச் சொல்லை எழுதிக்கொள்ள ஒரு வெற்றுக் கோடு இடம்பெறும்.

பணம் தந்தவர்களுக்கும், கடைசிப் பக்கத்தில் குழந்தை தன் முகத்தைப் பார்க்கும் வெள்ளித்தாளுக்கான செலவைத் தனியாக ஏற்றுக்கொண்ட நண்பருக்கும், பெட்டிகளைத் தம் ஆட்டோவில் வாடகை வாங்காமல் ஏற்றிச் சென்ற அண்ணனுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. முதல் அச்சுப் படிகள் தீர்ந்துவிட்டன. மீண்டும் அச்சிட இயந்திர இயக்குநர் ஐயா நாள் குறித்துத் தந்திருக்கிறார். கண்ணாடி அணியும் குழந்தை எந்தப் பக்கத்திலும் இல்லை என்று ஒரு தந்தை எழுதியிருந்த கடிதத்தை ஓவியரிடம் சேர்த்துவிட்டேன். அவர் கண்ணுக்கான பக்கத்தை இப்போது வரைந்துகொண்டிருக்கிறார். உங்கள் வீட்டுக் குழந்தை இந்தப் பக்கங்களில் இன்னும் இடம்பெறவில்லை என்றால், தயவுசெய்து அச்சுக்குப் போகும் முன் எங்களிடம் சொல்லுங்கள்.

நன்றியுடனும் அன்புடனும்,
வாசிப்பு வட்டத்தின் ஒருங்கிணைப்பாளர்,
மதுரை