மூன்று நாள் எம்.சி.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. குட்மார்னிங் படம் ஃபார்வர்டு பண்ணுகிற வயதில் நாலு பக்கம் கையால் எழுதி, அதை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப உன்னால்தான் முடியும். கையெழுத்து பாலிடெக்னிக் ரெக்கார்டு நோட்டில் இருந்த அதே கோணலில் இருக்கிறது. பாப்பாவுக்குத் திருச்சியிலேயே சீட் கிடைத்ததில் உன்னைவிடத் தங்கச்சிக்குத்தான் நிம்மதியாக இருக்கும். ஹாஸ்டல் சாப்பாடு பற்றி நாம் சொன்ன கதைகளைக் கேட்டவள் அல்லவா.

சரி, நீ கேட்ட விஷயம். உங்கள் ஃபேக்டரியில் விபத்து ரிப்போர்ட்டை இனி ஆன்லைனில்தான் போட வேண்டுமாம், அதற்கு உன்னைப் பொறுப்பாக்கிவிட்டார்களாம், சிங்கப்பூர் சைட்டில் சேஃப்டி வேலை பார்க்கிற என்னிடம் அங்கே எப்படி என்று கேட்டிருந்தாய்.

சட்டத்தில் இருப்பதைச் சொல்வது சுலபம். வேலையில் அடிபட்டவனுக்கு டாக்டர் ஒரே ஒரு நாள் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, கொடுத்தாலும், அல்லது லேசான வேலை மட்டும், லைட் டியூட்டி, என்று எழுதினாலும், முதலாளி 10 நாளுக்குள் மனிதவள அமைச்சின் இணையதளத்தில் பதிய வேண்டும். உயிர் போனால் உடனே தகவல் சொல்லிவிட வேண்டும், முழு ரிப்போர்ட் அப்புறம். கிரேன் சாய்வது மாதிரி என்றால் யாருக்கும் கீறல் விழாவிட்டாலும் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் முதல் தடவை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மறுபடியும் என்றால் ஜெயில் வரைக்கும் போகலாம். படிவத்தை நிரப்ப அரை மணி நேரம் போதும்.

இந்த ஒரு நாள் கணக்கு 2020 செப்டம்பரில்தான் வந்தது. அதற்கு முன் எம்.சி. மூன்று நாளைத் தாண்டினால்தான், இல்லை 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் கிடந்தால்தான் ரிப்போர்ட். இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். அப்போது நான் வேறொரு கம்பெனியில் இருந்தேன். புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு இரும்புத் தகட்டுக்கு அடியில் விரல் மாட்டி நசுங்கியது. கிளினிக்குக் கூட்டிப் போனது நான்தான். கிளம்பும்போதே மேலே இருந்தவர், "மூணு நாளைக்கு மேல வேண்டாம், பார்த்துக்கோ" என்று சொல்லி அனுப்பினார். நானும் டாக்டரிடம், பையன் திடகாத்திரமானவன், மூன்று நாள் போதும் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். நாலாம் நாள் அவன் கைக்கட்டோடு வந்து, கன்டெய்னர் ஆபீஸில் உட்கார்ந்து, இடது கையால் ஹெல்மெட்டுகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டினான். கேட்டில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு போர்டு இருந்தது. அதில் எண் ஒன்று கூடியது. அதை மாற்றி எழுதியதும் நான்தான்.

பையன் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறப்பான்? ஊரில் ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் பாக்கி, இங்கே வேலை பார்க்கும் பர்மிட் முதலாளி கையில். அடிபட்டது யார் தப்பு என்று நிரூபிக்காமலே இங்கே இழப்பீடு கேட்கலாம், எம்.சி. நாட்களுக்குச் சம்பளமும் உண்டு. அதை அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை.

அந்த ஓட்டையைச் சட்டம் அடைத்துவிட்டது. ஆனால் எங்கே கோடு போட்டாலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் கூட்டம் சேரத்தான் செய்யும். இப்போது சில இடங்களில் "எம்.சி.யே வேண்டாம், ரூமில் படு, சம்பளம் வந்துவிடும்" என்கிறார்களாம். அடிபட்டவன் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாவிட்டால்தான் ரிப்போர்ட் என்கிற நம் ஊர்க் கணக்கில் என்னென்ன நடக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் சின்னக் காயங்களின் எண்ணிக்கையை நான் பாதிதான் நம்புவேன். சாவை அப்படி மறைக்க முடியாது. இங்கே 2022-இல் 46 பேர், 2023-இல் 36 பேர், 2024-இல் 43 பேர் வேலையிடத்தில் இறந்தார்கள். என்னைக் கேட்டால் நம்ப வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

அரசாங்கத்துக்குப் போடுவது அவ்வளவுதான். உனக்குத் தலைவலி தரப்போவது உள்ளுக்குள் போடுகிற ரிப்போர்ட், அதாவது யாருக்கும் அடிபடாமல் மயிரிழையில் தப்பிய 'நியர் மிஸ்'. எங்கள் சைட்டில் சுவரெல்லாம் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறோம். ஃபோனைக் காட்டினால் படிவம் திறக்கும். தமிழ், வங்காளம், சீனம் எல்லாம் உண்டு, படமும் போடலாம். முதல் மாதம் வந்ததெல்லாம் சேஃப்டி ஆட்களான நாங்களே எங்கள் கணக்குக்காகப் போட்டவை!

இரண்டாம் மாதம் ஒன்று வந்தது. "சாரத்துல மூணாவது தட்டு பலகை ஆடுது." அவ்வளவுதான், படம் இல்லை, பெயர் இல்லை. எந்தப் பிரிவு என்று தெரியாமல் 'மற்றவை'யைத் தட்டியிருக்கிறான். 'மற்றவை'யில் விழுவது யாருடைய பெட்டிக்கும் போகாது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாலாம் நாள் அந்தப் பலகையை மிதித்தவனோடு சேர்ந்து ஒரு முனை இறங்கியது. பெல்ட் கொக்கியை மாட்டியிருந்ததால் தொங்கினான், பிழைத்தான். கீழே யாரும் இல்லாதது எங்கள் புண்ணியம்.

அன்று ராத்திரி எனக்கு நிக்கல் ஹைவே ஞாபகம்தான். 2004 ஏப்ரல் 20, இங்கே அந்தச் சாலைப் பக்கம் எம்.ஆர்.டி. மெட்ரோ ரயில் சுரங்கத்துக்குத் தோண்டிய பள்ளம் சரிந்து நாலு பேர் போனார்கள். நான் இங்கே வருவதற்கு முன்னால் நடந்தது, ஆனால் சேஃப்டி வகுப்பில் அதைச் சொல்லாத வாத்தியார் கிடையாது. 2006-இல் இப்போதைய வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே அதற்குப் பிறகுதான். பள்ளத்துச் சுவர் வளைவதை அளக்கும் கருவிகள் அங்கே இருந்தன, அளவுகள் வந்துகொண்டும் இருந்தன. எச்சரிக்கையை எடுத்துக்கொள்ள வேண்டிய விதத்தில் எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் விசாரணையில் தெரிந்தது. எங்கள் பலகையும் நாலு நாளாகக் கம்ப்யூட்டருக்குள் ஆடிக்கொண்டுதானே இருந்தது.

மறுநாள் வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டி, எழுதியவர் யாராக இருந்தாலும் மன்னிக்க வேண்டும், பார்க்காதது எங்கள் தப்பு என்று சொன்னேன். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்து, "அண்ணே, அது நான்தான்" என்றான். "யாரும் ஒண்ணும் சொல்லல, அதான் மறுபடி போடல" என்றான்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வருகிற ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கே இரண்டு வரி பதில். சரி செய்தாயிற்று, அல்லது முடியாது, இந்தக் காரணம். 'மற்றவை'யைக் காலையில் டீக்கு முன் நானே படிக்கிறேன். ரிப்போர்ட் மூன்று மடங்காகிவிட்டது. மேனேஜர் கிராஃபைப் பார்த்து, "என்னப்பா, சைட் மோசமாகுதா?" என்கிறார். முன்பும் இப்படித்தான் சார் இருந்தது, இப்போது சொல்கிறார்கள் என்றேன். ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அந்தப் பையன் தினமும் ஒன்று போடுகிறான். நேற்றையது கேன்டீன் டீ ஆறிப்போயிருக்கிறது என்று. அதற்கும் பதில் எழுதினேன்.

உங்கள் படிவத்தை விற்றவன் காட்டும் கலர் கலரான கிராஃபை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். யார் பெயருக்கும் போகாத பெட்டி ஏதாவது அதில் இருக்கிறதா என்று முதலில் கேள். ஸ்க்ரீன்ஷாட் அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன். பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் திருச்சி ஏர்போர்ட்டுக்கு நீ வரவேண்டாம், போன தடவை மாதிரி உன் ஸ்கூட்டரில் இரண்டு பெட்டியோடு போக எனக்குத் தைரியம் இல்லை. அது நியர் மிஸ் கணக்கில்கூட வராது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்